வலது பக்கத்து ஸ்பீக்கர்

அக்டோபர் 6, ஞாயிறு

அத்தான் ஒருவழியா சரின்னுட்டார். அறுபதாயிரம். "அதுக்கு மேல ஒத்தப் பைசா கேக்கப்படாது ஹெப்சி"ன்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார், என்னமோ நான் ஊரைச் சுருட்டித் திங்குத மாதிரி. ஸ்கூல்ல கணக்கு நடத்தி நானும்தான் சம்பாதிக்கேன். ஆனா வீட்டு லோன் ஓடுது, மக காலேஜ்ல இருக்கா, அவர் சொல்லுததும் நியாயந்தான்.

வாங்கப் போறது ரெக்கார்டு பிளேயர். அப்பா விட்டுட்டுப் போன ரெக்கார்டு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. கோரஸ் பாட்டு, பியானோ, பழைய சினிமாப் பாட்டு, எல்லாத்துக்கும் அடியில என் கூடப்பொறந்த எமிலி அக்கா இருபது வயசுல சர்ச்சுக்காகப் பாடின சின்ன ரெக்கார்டு. அப்பாவோட பிளேயர் துருப்பிடிச்சு எடைக்குப் போயிட்டு, ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஸ்பீக்கரும் மட்டும் மிச்சம். "இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன திடீர்னு?"ன்னு அத்தான் கேட்டார். "இப்ப கேக்கலேன்னா அப்புறம் எப்ப கேக்க?"ன்னு வாய்ல வந்துட்டு. சொன்ன உடனே, இதை ஏன் சொன்னேன்னு ஆயிட்டு.

போன வாரம் நாசரேத் ஊர்ல ஒரு நிச்சயதார்த்த வீட்டுல எமிலி அக்காவைப் பார்த்ததுலருந்தே இப்படித்தான் இருக்கு. எல்லாரும் பேசிக்கிட்டு இருக்காங்க, அக்கா நடுவுல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா. என்ன பேசுதாங்கன்னு அவளுக்குத் தெரியாது. யாரும் திரும்பிச் சொல்லவும் மாட்டாங்க. சிரிப்பு மட்டும் இருக்கு. காது கேக்காதவங்க கத்திப் பேசுவாங்கம்பாங்க. அக்கா அப்படி இல்ல, மெல்லத்தான் பேசுவா. நாப்பத்தாறு வயசுல ஒரு காதுல ஆரம்பிச்சுது, அப்புறம் ரெண்டும் போச்சு.

எனக்கு ஆகஸ்ட்ல நாப்பத்தேழு முடிஞ்சுட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. எழுதியே வைக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல.

அக்டோபர் 9, புதன்

மதுரை இஸ்மத் பாய்கிட்ட பேசினேன். பழைய ஜப்பான் சாமானை இறக்கி, சரி பண்ணி விக்கிறவர். எனக்குப் பயம், ஆளைப் பாக்காம பணம் அனுப்பணுமே. அவரோ நிதானமா சொன்னார்: "டீச்சர், மூணு சாமான். தட்டைச் சுத்துறது டேர்ன்டேபிள். ஊசியத் தாங்கிப் பிடிக்கிற கை டோன்ஆர்ம். அந்தக் கை நுனியில ஊசியோட இருக்கறது கார்ட்ரிட்ஜ். மூணும் சேர்ந்த செட்டா எடுத்தா நாப்பத்தஞ்சுக்கு முடிச்சுரலாம். தனித்தனியா எடுத்தா கேக்கறதுக்கு நல்லாருக்கும், ஆனா ஒண்ணுக்கொண்ணு சேரணும். வெயிட்டான கைக்கு மெல்லிசான ஊசி சேராது, தட்டு மேல குதிக்கும்."

பாதிப் பேச்சு விளங்கவே இல்ல. போனை இடது காதுக்கு மாத்தின பிறகுதான் தெளிவா கேட்டுது. போன் வாங்கி ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள கோளாறு. இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

நான் நடத்துத சர்ச் பாட்டுக் குழுவுல, அதான் குயர்ல, கிறிஸ்மஸ் பாட்டு பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு. டெனர் பாடுத ஆம்பளைங்க எனக்கு வலது பக்கம் நிக்காங்க. வாயைத் திறந்தாத்தானே? கோயில்பிள்ளை அண்ணன் முப்பது வருஷமா டெனர் பாடுதவர், அவரே முணுமுணுங்கார். "அண்ணே, பாட்டு படிக்கீங்களா, பஞ்சாங்கம் படிக்கீங்களா?"ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தான் மறுபடியும் என் இடது பக்கம் வந்துட்டார். சுவத்தோரம் அவரு, ரோட்டுப் பக்கம் நான். வார வண்டி எல்லாம் என்னை உரசிக்கிட்டுப் போகுது. பொண்டாட்டியை ரோட்டுப் பக்கம் தள்ளிட்டு எந்தப் புருஷனாவது சுவத்தோரமா நடப்பானா? கேட்டா, "எனக்கு இந்தப் பக்கம்தான் வாகு"ங்கார். கொஞ்ச நாளா இதே கதைதான்.

அக்டோபர் 16, புதன்

தனித்தனியாவே எடுக்கேன்னு சொல்லி பணம் அனுப்பிட்டேன். டேர்ன்டேபிள் முப்பத்திரண்டு, ஆர்ம் பதினாறு, கார்ட்ரிட்ஜ் ஒம்பது. மிச்சம் பார்சலுக்கு. பயமா இருக்கு.

அக்டோபர் 21, திங்கள்

பெட்டி வந்துட்டு. உடையாம வந்துட்டு, ஸ்தோத்திரம்.

டேர்ன்டேபிளையும் ஆர்மையும் பாயே பூட்டி அனுப்பிட்டார். கார்ட்ரிட்ஜை மட்டும் நான் மாட்டணும். நாலு ஒயர், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமன். சிவப்பு, பச்சை வலது பக்கத்துக்கு. வெள்ளை, நீலம் இடது பக்கத்துக்கு. புருவம் பிடுங்குத இடுக்கியால ஒவ்வொண்ணாப் பிடிச்சுச் சொருகினேன். அத்தான் டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னார். "மூச்சு விடலாமா?"ன்னு கேட்டார். "விடாதீங்க"ன்னேன்.

ஊசி ரெண்டு கிராம் கனத்துக்கு மேல தட்டை அழுத்தக் கூடாதாம். கூடினா தட்டுல இருக்க கோட்டை உழுதுரும், அதுல இருக்க பாட்டு திரும்ப வராது. எமிலி அக்கா ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன், திருப்பி வச்சுட்டேன். அந்த ஒண்ணுதான் இருக்கு. கை பழகட்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

அப்பாவோட கோரஸ் ரெக்கார்டு போட்டேன். அழுகை வந்துட்டு, அவ்வளவு நல்லாருக்கு. ஆனா வலது பக்கத்து ஸ்பீக்கர் மட்டம். பெண் குரல் எல்லாம் இடது பக்கம் பளிச்சுன்னு நிக்கு, ஆம்பளைக் குரல் வலது பக்கம் போர்வைக்குள்ளருந்து பாடுத மாதிரி. அம்பத்தேழாயிரம்! அத்தானைக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கு"ன்னார். இவருக்கு எப்ப பாட்டு தெரிஞ்சுது?

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. தெருவே அதிருது. எதுத்த வீட்டு சுப்புலட்சுமி அக்கா அதிரசம் கொண்டுவந்தா. அந்த வெடிச் சத்தத்துக்குள்ளயும் அவ பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுது. அத்தான்தான் "என்ன, என்ன"ன்னு கேட்டுக்கிட்டு நின்னார். அப்ப யாருக்குக் காது மந்தம்? இன்னிக்கு நிம்மதியா இருக்கேன்.

அப்புறம் வெடி அடங்கினதும் அத்தான் கேட்டார், "ஏன் ஹெப்சி, இப்பல்லாம் குசுகுசுன்னே பேசுத?" நான் எப்பவும் போலத்தான் பேசுதேன்.

நவம்பர் 2, சனி

பாய்கிட்ட சண்டை. "பழைய ஸ்டாக்கை என் தலையில கட்டிட்டீரு"ன்னேன். அவருக்குக் கோவம் வந்துட்டு. "டீச்சர், கார்ட்ரிட்ஜ் பழசாயிட்டா உள்ள இருக்க ரப்பர் இறுகிரும், ஊசி ஆடாது, சத்தம் செத்துரும், வாஸ்தவம். ஆனா நான் குடுத்தது புதுசு. வேணும்னா வேற மாடல் இருக்கு, பதினொண்ணு. உங்க இஷ்டம்."

டியூஷன் பணத்துலருந்து அனுப்பிட்டேன். அத்தான்கிட்ட சொல்லல. இருபது வருஷத்துல இந்த மனுஷன்கிட்ட நான் மறைச்சதே இல்ல. ஆனா இந்த வலது பக்கம் சரியாகணும். சரியாயிட்டா எல்லாம் சரியாயிரும்.

நவம்பர் 8, வெள்ளி

புது கார்ட்ரிட்ஜ் வந்துட்டு. அத்தான் பேங்குக்குப் போயிருக்கும்போது மாட்டினேன். பெட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால சொருகி வச்சேன்.

அதே மட்டம்.

கட்டில்ல உக்காந்துட்டேன். அப்பதான் ஒண்ணு தோணிச்சு. குயருக்குச் சுருதி குடுக்க ஒரு இரும்பு ஃபோர்க் வச்சிருக்கேன்லா, முட்டியில தட்டினா 'ம்ம்ம்'ன்னு பாடும். தட்டி, வலது காதுக்குப் பக்கத்துல பிடிச்சேன். லேசா கேட்டுது, உடனே நின்னுட்டு. உசுரே போயிட்டு. அப்புறம் நாங்க சுருதி எடுக்கும்போது செய்யுத மாதிரி, அதோட காம்பைக் காதுக்குப் பின்னால எலும்புல வச்சு அழுத்தினேன். கணீர்னு கேட்டுது! இடது பக்கத்தைவிட வலதுலதான் கூடக் கேட்டுது.

அப்ப காது சரியாத்தான் இருக்கு. இவ்வளவு நல்லாக் கேக்குத காதுக்கு என்ன கேடு? சந்தோஷத்துல அத்தானுக்குப் பிடிச்ச மாதிரி மீனை வறுத்து வச்சேன். கோளாறு மிஷின்லதான்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்னிக்கு குயரை இடம் மாத்தி நிறுத்தினேன். டெனரை இடது பக்கம் கொண்டுவந்தேன், சின்னப் பொண்ணுங்க சோப்ரானோ எல்லாம் வலது பக்கம். கோயில்பிள்ளை அண்ணன் தொண்டையைத் திறந்து என்னமாப் பாடினார்! "பாத்தீங்களா, திட்டினாத்தான் பாட்டு வருது"ன்னேன். ஆனா சோப்ரானோக்காரிங்க சோம்பேறியாயிட்டாங்க. ஜெனிட்டா குரல் பாளையங்கோட்டை முழுக்கக் கேக்கும், அவளே கிசுகிசுங்கா. "ஏட்டி, வலது பக்கம் போனா வாய் ஒட்டிக்கிடுமா?"ன்னு கத்தினேன். அந்தப் பிள்ளை கண்ணு கலங்கிட்டு. "ஆண்ட்டி, நான் எப்பவும் போலதான் பாடுதேன்"ன்னா.

கோயில்பிள்ளை அண்ணன் மெதுவா பாட்டுப் புத்தகத்தை மூடினார். "டீச்சர், எனக்கு வேலை இருக்கு"ன்னு கிளம்பிட்டார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். கோவமாப் பார்த்திருந்தா பரவாயில்ல.

நவம்பர் 13, புதன்

மார்க்கெட்லருந்து வரும்போது ஒரு ஷேர் ஆட்டோ என் வலது முழங்கையைத் தட்டிட்டுப் போயிட்டு. அத்தான் என் கையைப் பிடிச்சு இழுக்கலேன்னா நான் சக்கரத்துக்கு அடியில. தக்காளி எல்லாம் ரோட்டுல உருண்டு ஓடுது. டிரைவர் நிறுத்தி, "எத்தன ஹாரன் அடிக்க? செவிடாம்மா நீ?"ன்னு கத்துதான். அத்தான் அவன்கிட்ட சண்டைக்குப் போகல. எப்பவும் போவார். குனிஞ்சு தக்காளியப் பொறுக்கினார்.

வீடு வர வரைக்கும் என் வலது பக்கமா, ரோட்டுப் பக்கமா நடந்தார்.

ஹாரன் அடிக்கவே இல்ல அவன். பொய் சொல்லுதான்.

நவம்பர் 16, சனி

இன்னிக்கு நடந்ததை நடந்தபடி எழுதணும்.

காலையில பாய் போன் பண்ணினார். பாவம், என் தொல்லை தாங்காமத்தான். "டீச்சர், கடைசியா ஒரு வழி சொல்றேன். மோனோ ரெக்கார்டு ஏதாச்சும் இருக்கா, பழசு? அதுல வலது இடது கிடையாது, ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்தான் வரும். நடுவுல உக்காந்தா பாட்டு நடு மத்தியில நிக்கணும். ஒரு பக்கம் சாஞ்சா, அந்த நாலு ஒயரையும் வலதை இடதாக்கி மாத்திச் சொருகுங்க. சாய்வு அந்தப் பக்கம் போயிட்டா கோளாறு கார்ட்ரிட்ஜ்ல. போகலேன்னா ஸ்பீக்கரை இடம் மாத்துங்க. எங்கயாச்சும் ஒரு இடத்துல திருடன் சிக்கிருவான்."

மோனோ ரெக்கார்டு என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.

அத்தான் வெளியே போயிருந்தார். எமிலி அக்கா ரெக்கார்டைத் துடைச்சு, ஊசியை இறக்கினேன். கரகரன்னு ரெண்டு சுத்து. அப்புறம் அக்கா பாடினா. இருபது வயசு அக்கா. நான் அஞ்சு வயசுல அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்ட குரல். அவ இடது பக்கம் நின்னு பாடினா.

ஒயரை மாத்தினேன். திரும்பப் போட்டேன். இடது பக்கம்தான் நின்னா.

ஸ்பீக்கரைத் தூக்கி இடம் மாத்தினேன், இடுப்பு முறிஞ்சுட்டு. இடது பக்கம்தான் நின்னா.

மாத்த வேற என்ன இருக்குன்னு பார்த்தேன். ஒயரை மாத்தியாச்சு, ஸ்பீக்கரை மாத்தியாச்சு, கார்ட்ரிட்ஜையே மாத்தியாச்சு. நாற்காலி மட்டும்தான் பாக்கி. அதைச் சுவத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். கோளாறு மிஷின்ல இருந்தா, அக்கா இப்ப என் வலது பக்கம் வந்திருக்கணும். எத்தனை பிள்ளைங்களுக்குப் போர்டுல இந்த மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டியிருக்கேன். தப்பவே தப்பாது.

அக்கா என்கூடவே திரும்பி வந்துட்டா. இடது பக்கம்தான் நின்னா.

சுவத்தைப் பார்த்தபடியே உக்காந்திருந்தேன். பாட்டு முடிஞ்சு தட்டு சும்மா சுத்துது. எழுந்து எடுக்கணும், ஊசி தேஞ்சுரும். எழுந்திரிக்க முடியல. ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

தலைவலின்னு சொல்லி சர்ச்சுக்குப் போகல.

நவம்பர் 23, சனி

ஒரு வாரம் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு இன்னிக்கு நாசரேத்துக்குப் போனேன். எமிலி அக்கா அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழ வச்சா. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிடுவா, அதனால எதுக்க உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பேசினேன். மிஷின் வாங்கினேன், உன் ரெக்கார்டைப் போட்டேன்னு எங்கெங்கயோ சுத்தினேன்.

கொஞ்சத்துல அவ என் வாயைப் பார்க்கல. என் கழுத்தையே பார்த்தா. நான் தலையை வலது பக்கமாத் திருப்பித் திருப்பி அவளுக்கு இடது காதைக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"உனக்கும் வந்துட்டா?"ன்னா. அவ்வளவு மெல்லமா.

அவ மடியில முகத்தை வச்சு அழுதேன், நாப்பத்தேழு வயசுக் கிழவி. முதுகைத் தடவிக்கிட்டே சொன்னா: "எனக்கு அப்பவே டாக்டர் ஆபரேஷன் சொன்னார் ஹெப்சி. நூறு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் காது மொத்தமாப் போயிரும், மத்தவங்களுக்கு வந்துரும்னார். அந்த ஒருத்தி நான்தான்னு எனக்குத் தோணிட்டு. அடுத்த வருஷம் பாப்போம், அடுத்த வருஷம் பாப்போம்னு இருந்துட்டேன். அப்புறம் போனப்போ உள்ள நரம்புக்கும் போயிட்டுன்னு கைய விரிச்சுட்டாங்க. அந்த ஒருத்திக்குப் பயந்துட்டு இப்ப ரெண்டு காதும் இல்லாம உக்காந்திருக்கேன். நீ அப்படி இருக்காத."

பஸ் ஏறும்போது கேட்டா, "நல்லாருக்கா என் பாட்டு?"

தலையை ஆட்டினேன். நல்லாருக்குக்கா.

நவம்பர் 25, திங்கள்

அத்தான்கிட்ட சொன்னேன். காப்பியை ஆத்திக்கிட்டே கேட்டார். "ஜூன்லருந்தே தெரியும்"னார்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஒரு தடவ உனக்குக் கேக்கல. இன்னொரு தடவ கடிச்சு வச்சிட்ட." அப்புறம் டம்ளரையே பார்த்துக்கிட்டு, "உங்க அக்கா மாதிரி ஆயிருவியோன்னு எனக்கும் பயம்தான் ஹெப்சி. சொல்லிட்டா அது நிசமாயிரும்லா"ன்னார்.

அந்த மனுஷன் ஏன் இத்தனை நாளா இடது பக்கமே வந்தார்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

ரெண்டாவது கார்ட்ரிட்ஜைப் பத்தி மட்டும் சொல்லல. ஒரு நாளைக்கு ஒரு பாவம் போதும்.

நவம்பர் 27, புதன்

வண்ணார்பேட்டையில காது டாக்டர் வள்ளிநாயகம். எல்லா டெஸ்டும் எடுத்தார். கடைசியில மேஜை டிராயரைத் திறந்து என்னத்தை எடுக்கார்னு பார்த்தா, ஃபோர்க்! என்கிட்ட இருக்க அதே ஃபோர்க்!

"சார், அந்த டெஸ்ட்ல நான் பாஸ். எலும்புல வச்சா வலதுலதான் கூடக் கேக்கும்"னு பெருமையாச் சொன்னேன்.

"அதான்மா உங்க வியாதியே"ன்னார்.

காதுக்குள்ள மூணு குட்டி எலும்பு உண்டாம். கடைசி எலும்பு அரிசியைவிடச் சின்னது, அது இறுகி ஒட்டிக்கிட்டு ஆட மாட்டுக்கு. அதனால வெளிச் சத்தம் உள்ள போக வழியில்ல. மண்டை எலும்புல வச்சா சத்தம் வேற வழியா நேரா நரம்புக்குப் போயிருது, அதனால கணீர்னு கேக்கு. நம்ம குரலே நமக்கு உள்ள ஓங்கிக் கேக்கும், அதனால மெல்லப் பேசுவோம். வெடிச் சத்தத்துக்குள்ள பேச்சு தெளிவாக் கேட்டதும் இந்த வியாதியோட குணமாம். "நரம்பு நல்லா இருக்கு. பயப்படாதீங்க. அந்த எலும்பை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா ஆடுற மாதிரி சின்னதா ஒரு பிஸ்டன் வச்சுரலாம்"னார்.

எனக்கு பாய் சொன்னதுதான் ஞாபகம் வந்துது. ரப்பர் இறுகிட்டா ஊசி ஆடாது, சத்தம் செத்துரும்னு சொன்னாரே. நான் அதை மிஷின்ல தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

"நூறுல ஒருத்தருக்கு?"ன்னு கேட்டேன். "உண்டு"ன்னார். மறைக்கல. ஜனவரி இருபதுக்கு நாள் குறிச்சாச்சு. செலவு இன்சூரன்ஸ்ல வந்துரும்.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயில்பிள்ளை அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க, கோளாறு என் காதுல"ன்னேன். ஜெனிட்டாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவகிட்டயும் கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிக்கிட்டு.

அண்ணன் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். "முப்பது வருஷமா என் வீட்டுக்காரி, உங்க சத்தம் தாங்க முடியலன்னு திட்டுதா. இந்த உலகத்துல என் சத்தம் பத்தலன்னு சொன்ன ஒரே ஆள் நீதான் டீச்சர். அதுவும் நோயின்னு ஆயிட்டே"ன்னார். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. வெளிய வந்ததும் பயம் திரும்ப வந்துட்டு.

டிசம்பர் 25, புதன்

குயருக்கு வலது ஓரமாப் போய் நின்னுக்கிட்டேன், மொத்தப் பேரும் என் இடது காதுப் பக்கம். பாட்டு நல்லா வந்துது. சர்ச்சுல ஆராதனை நடத்துத ஐயர் இது என்ன புது மாதிரின்னு கேட்டார். கோயில்பிள்ளை அண்ணன், "வெளிநாட்டுல இப்பல்லாம் இப்படித்தான் ஐயரே"ன்னு அடிச்சு விட்டார்.

அத்தான் இப்ப ரோட்டுப் பக்கமாவே, என் வலது பக்கமாவே நடக்கார். பேசணும்னா நின்னு, முன்னால வந்து பேசுதார். மத்த நேரம் வாய்க்குள்ளயே ஏதோ முணுமுணுத்துக்கிட்டு வாரார், உதடு அசையுதது தெரியுது. எனக்காக ஜெபம் பண்ணுதார் போல. பாவம் மனுஷன்.

ஜனவரி 19, ஞாயிறு

நாளைக்கு ஆபரேஷன். மத்தியானம் எமிலி அக்கா ரெக்கார்டை ஒரு தடவ போட்டேன். அந்த ஒருத்தி நானா இருந்தா என்ன செய்ய? இடது காதும் பின்னாலயே போயிட்டா? ஒரு மனசு சொல்லுது, வேண்டாம்னு போன் பண்ணிரு, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்னு. அடுத்த வருஷம்னு மனசு சொன்னதும் அக்கா முகம் வந்துட்டு. போனை அத்தான்கிட்ட குடுத்து, நாளைக்கு வரைக்கும் என் கையில குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.

ஜனவரி 22, புதன்

ஆபரேஷன் முடிஞ்சுட்டு. தலை சுத்துது. காதுக்குள்ள பஞ்சு. எழுத முடியல.

ஜனவரி 29, புதன்

பஞ்சை எடுத்துட்டாங்க. ஒண்ணும் வித்தியாசம் தெரியல. ஒரே இரைச்சலா இருக்கு. "உள்ள ரத்தம் கட்டியிருக்கும்மா, கரையணும், ரெண்டு மூணு வாரம் ஆகும்"ங்கார் டாக்டர். எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவாரோ? தும்மக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தும்மலுக்குக்கூடப் பயந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

பாய் போன் பண்ணி, "திருடன் சிக்கினானா டீச்சர்?"ன்னார். சொன்னேன். துஆ செய்யுதேன்னார், அவங்க ஜெபம்.

பிப்ரவரி 3, திங்கள்

அந்த ஒருத்தி நான்தான். எனக்குத் தெரியுது. அத்தான்கிட்ட சொல்லல.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு நடந்து வந்தோம். நான் சுவத்தோரம், அத்தான் என் வலது பக்கம் ரோட்டுல. வெயிலுக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டு, எப்பவும் போல உதட்டை அசைச்சுக்கிட்டு வந்தார். நான் தரையைப் பார்த்து நடந்தேன். வீட்டுக்குப் போயி என்ன குழம்பு வைக்கன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப ஏதோ குரல் கேட்டுது. யாரோ பின்னால வாராங்கன்னு நினைச்சேன். தூரத்து ரேடியோ மாதிரி, ஆனா வார்த்தை வார்த்தையா.

"...அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா, கள்ளி. எனக்குத் தெரியாதாம். இன்னொரு ஊசி வாங்கியிருக்கா. எட்டாயிரமாவது ஆயிருக்கும். எங்கிட்ட மூச்சு விட்டாளா? ரெண்டு மாசமா இந்தப் பக்கமா நடந்து புலம்பிக்கிட்டு வாரேன், சொவத்துக்கிட்ட பேசுத மாதிரி..."

இதுதான் இந்த மனுஷனோட ஜெபம்! ரெண்டு மாசமா என் செத்த காதுக்குள்ள இவர் வயித்தெரிச்சலை எல்லாம் கொட்டிக்கிட்டு வந்திருக்கார்!

சிரிக்கவா அழவான்னு தெரியல. நான் திரும்பல. திரும்பினா இடது காது உதவிக்கு வந்துரும்னு பயம். தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"எட்டு இல்ல அத்தான். பதினொண்ணு."

குடை கீழ விழுந்துட்டு. நட்ட நடு ரோட்டுல நின்னுட்டார், வாய் திறந்தபடியே. பின்னால வந்த சைக்கிள்காரன் பெல் அடிச்சான். அதுவும் கேட்டுது.